கமலாலயத்துக் கிடங்கில் ஒரு ராஜா

சி.வி. ராமன் பிள்ளை திருவனந்தபுரத்துக்காரர், அவருடைய நாவல் 'மார்த்தாண்டவர்மா'வும் பழைய திருவிதாங்கூரான வேணாட்டின் கதை. ஆனால் 1891-ல் அது அச்சேறியது சென்னையில், அடிசன் அச்சகத்தில். பிற்காலத்தில் திருவிதாங்கூர் அரசு அச்சகத்துக்கே சூப்பரின்டென்டெண்டாக இருந்தவரின் முதல் நாவல், மலையாளத்தின் முதல் சரித்திர நாவல், ஊர்விட்டு ஊர் போய்ப் பிறந்திருக்கிறது.

நாவலில் நடப்பதை ராஜ்ஜியச் சண்டை என்பார்கள். எனக்கு அது குடும்பச் சண்டையாகத்தான் படுகிறது. மருமக்கத்தாய முறைப்படி ராமவர்மா மகாராஜாவுக்குப் பின் பட்டம் சகோதரி மகன் மார்த்தாண்டவர்மாவுக்கு. பெற்ற பிள்ளைகளான தம்பிமாருக்கு ஒன்றுமில்லை. பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் அந்த மனக்குறையை ஊதிவிடுகிறார்கள். பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்டு ரத்தத்தில் கிடக்கும் இளைஞனோடு நாவல் தொடங்குகிறது. செத்தான் என்று எல்லாரும் நம்பிய அந்த அனந்தபத்மநாபன், பிறகு பைத்தியக்காரச் சாணானாக வேஷம் போட்டு இளவரசனைக் காத்துத் திரிகிறான்.

அதே வம்சத்தின் அடுத்த காலத்தை 'தர்மராஜா' (1913), 'ராமராஜபகதூர்' என்று எழுதி முடிக்க சி.வி.க்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. கொரியாவில் பார்க் கியுங்னியும் ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் தலைமுறைகளைச் சொல்லும் 'தோஜி'யை 1969-ல் தொடங்கி 1994-ல்தான் முடித்தார். தலைமுறைக் கதைக்கு அவசரம் ஆகாது போலும்.

சி.வி. 1922-ல் காலமானார். 'மார்த்தாண்டவர்மா'வின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. இது தெரிந்தோ தெரியாமலோ, நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் அதைச் சினிமாவாக எடுத்தார். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஜே.சி. டேனியலின் உறவினர் இவர். பி.வி. ராவ் இயக்கிய மௌனப்படம், 1933-ல் திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் வெளியானது. பதிப்பகம் கோர்ட்டுக்குப் போனது. படத்துக்குத் தடை வந்தது. படப்பெட்டியும் பதிப்பகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சுந்தர்ராஜ் அதற்குப் பிறகு சினிமா பக்கமே தலைகாட்டவில்லை.

நைட்ரேட் பிலிம் பொல்லாதது. வைத்தால் பொடியாகும், சூடேறினால் தீப்பிடிக்கும். அந்தச் சுருள் புத்தகக் கட்டுகள் கிடந்த கிடங்கில் நாற்பது வருஷம் தாக்குப்பிடித்தது. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதை மீட்டது. ஓடி லாபம் பார்த்த மௌனப்படங்கள் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்தே போயின. 'விகதகுமார'னில் ஒரு சுருள்கூட இன்று இல்லை. வழக்கில் தோற்ற இந்தப் படம் பிழைத்துக்கொண்டது. சுந்தர்ராஜுக்கு அதனால் என்ன ஆறுதல், அது வேறு விஷயம்.

நாவல் 1954-ல் ஓ. கிருஷ்ண பிள்ளையின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. இரண்டே வருஷத்தில், 1956 நவம்பர் 1-ல், கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கதை நடக்கும், அந்தத் தாலுகாவைச் சேர்ந்த பத்மநாபபுரம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது.

இந்தப் பக்கத்துத் தமிழ் வாசகருக்கு இந்நாவலில் ஒரு நெருடல் உண்டு. சி.வி.யிடம் தம்பிமாரில் ஒருவரான பப்புத்தம்பி வில்லன். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் பாடப்படும் தம்பிமார் கதையிலோ கேட்பவர் மனம் தம்பிமார் பக்கமே சாய்கிறது.