சோறும் நீரும் குறித்த வழி

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் கிளைச்சாலைகள் வருகின்றன. பெரும்பாலான வண்டிகள் திரும்புவதில்லை. தாமல் ஏரியும் காவேரிப்பாக்கம் ஏரியும் சன்னல் ஓரமாக ஓடி மறைகின்றன. இரண்டு மணி நேரத்தில் ராணிப்பேட்டையைத் தாண்டிவிடலாம். ஆனால் தமிழில் ஒரு வழிப்பயணத்தை நிலம் நிலமாக, ஊர் ஊராக விரித்துச் சொன்ன மிகப் பழைய நூல்களில் ஒன்று முடிவது இந்தக் காஞ்சியில்தான்.

அது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய, ஐந்நூறு அடிகளைக் கொண்ட இந்தப் பாட்டு பத்துப்பாட்டில் ஒன்று. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பிறகு அது பலர் கைக்கும் வந்தது. இலக்கிய மாணவர்கள் இதை ஐந்திணைக்குச் சான்றாகப் படிக்கிறார்கள். பயணக் குறிப்பாகப் படித்தால் வேறொன்று பிடிபடும்: அந்தப் பாணன் எந்த இடத்தையும் வெறும் காட்சியாகச் சொல்லி நகர்வதில்லை. அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்றும் சொல்கிறான்.

முதலில் வழியில் தென்படுவது உமணரின் உப்பு வண்டிகள். வண்டியின் முகப்பில் கோழிக்கூடு. ஊறுகாய்ப் பானை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்ட, ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போன குடும்பம் அது. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு உமணர் சேம அச்சு ஒன்றைக் கூடவே கட்டியிருந்ததை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் சொல்கிறது. அடுத்து, இருபுறமும் பலாப்பழம் போலப் புடைத்த மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து. பெருவழிகள் பிரியும் இடத்தில் சுங்கம் வாங்குகிறார்கள். வில்லேந்திய காவலரும் உண்டு. இன்று வாலாஜாபேட்டைக்கு அருகே சென்னசமுத்திரம் சுங்கச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சியாகவே இருக்கும்.

அதன்பின் நிலம் மாறுகிறது, சோறும் மாறுகிறது. வறண்ட எயினர் குடியிருப்பில் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பை மண்ணைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, நிலத்தில் குழித்த உரலில் குத்தி, உவர்நீரில் உலையேற்றுகிறார்கள். உப்புக்கண்டத்தோடு அந்தச் சோறு தேக்கிலையில் குவியும். முல்லை நிலத்து ஆயர் வீட்டில் பாலும் தினைச்சோறும் கிடைக்கும். நெய் விற்கும் ஆய்மகள் பொன் கொடுத்தால் வாங்கமாட்டாள். எருமையும் பசுவும்தான் அவள் கேட்கும் விலை. அடுத்த சீறூரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருதத்தில் வெண்ணெல் சோற்றோடு வீட்டுக் கோழி. வழியில் ஆலையில் பிழிந்த கருப்பஞ்சாறு. வலைஞர் குடியில் சுட்ட மீன். அந்தணர் மனையில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மிளகு, கறிவேப்பிலை, மாவடு. கடற்கரையில் நீர்ப்பெயற்று என்னும் துறை. கப்பல்களுக்கு வழிகாட்டும் உயர்ந்த கலங்கரை விளக்கம். குதிரைகளோடு வந்து நிற்கும் மரக்கலங்கள். திருவெஃகாவில் பாம்பணைமேல் பள்ளிகொண்டவனைத் தொழுதபின் கச்சி மாநகர்.

இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. கையில் காசில்லாத பாணன் சுற்றத்தோடு நடக்கிறான். அவனுக்கு அழகிய மலையைவிட முக்கியம், அந்த மலையடியில் யார் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்பது. நிலத்தை அவன் நாக்கால் அறிந்தான். இன்றைய பயணக் கட்டுரைகளில் மலைவளைவும் கடற்கரையும் நிறைய வருகின்றன. ஆனால் அங்கே வாழ்பவர் விருந்தினருக்கு என்ன வைத்திருந்தார் என்பதை இந்தப் பாட்டு சொன்ன அளவுக்குச் சொன்னவர்கள் குறைவு.

கூரம் இந்தக் கதைக்குள் வருவது சில நூற்றாண்டுகள் கழித்து. காஞ்சிக்கு வடமேற்கில் உள்ள சிற்றூர் அது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கே வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவாலயத்தை எழுப்பினான். தமிழகத்தில் பாறையைக் குடையாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய மிகப் பழைய கோயில்களில் இது ஒன்று. அவன் வெட்டிய ஏரிக்குப் பரமேசுவர தடாகம் என்று பெயர். பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவந்த வாய்க்காலுக்குப் பெரும்பிடுகு என்று பெயர். சாளுக்கியரோடு நடந்த பெருவளநல்லூர்ப் போரை விரிவாகப் பேசும் கூரம் செப்பேடுதான் இவற்றையும் சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் அந்தப் போர்ப் பகுதியைத்தான் அதிகம் எடுத்தாண்டார்கள். அதைவிட அதன் பங்கீட்டுப் பகுதி நெருக்கமானது.

கொடையாக விட்ட ஊர் 25 பங்காகப் பிரிக்கப்பட்டது. இருபது பங்கு வேதம் வல்ல அந்தணர் இருபது பேருக்கு. மூன்று பங்கு கோயில் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும். கூரத்து மண்டபத்தில் மகாபாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. மீதி ஒன்று, அந்த மண்டபத்தில் நீரும் நெருப்பும் வைப்பதற்கு. போரும் பட்டங்களும் நிரம்பிய அரச சாசனத்தில், வருகிறவருக்குத் தண்ணீரும் தீயும் வேண்டும் என்பதற்காக நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். கதை கேட்கக் கூடியவர்களோடு வழிப்போக்கரும் அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

அதே ஊரில் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் கூரத்தாழ்வான். செல்வந்தர். அவர் வீட்டில் விடியலிலிருந்து நள்ளிரவு வரை அன்னம் பரிமாறப்பட்டது என்கின்றன குருபரம்பரை நூல்கள். இரவில் அந்த வீட்டின் கதவு அடைபடும் ஓசை காஞ்சி வரதராசர் சன்னதி வரை கேட்டதாம். அதை வரதரின் அடியார் திருக்கச்சி நம்பி வழியாக அறிந்த ஆழ்வான், இத்தனை புகழ் எழும் அளவுக்குத் தன் செல்வம் பெருகிவிட்டதே என்று கூசி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் ஆண்டாள் அச்சப்பட்டார். மடியில் கனமுண்டோ என்று கேட்க, கணவர் உணவருந்தும் பொன் வட்டிலை எடுத்து வந்ததைச் சொன்னார். ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் வீசினார். திருவரங்கம் சேர்ந்ததும் அவர் செய்தது பிச்சையெடுத்து உண்பது. ஊரெல்லாம் உண்ணக் கொடுத்த கை அது.

அவர் பயணம் அங்கே நிற்கவில்லை. ஆசான் இராமானுசரோடு, பிரம்ம சூத்திர உரையான போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் வரை போனார். கிடைத்த சுவடி வழியில் பறிபோனபோது, இரவெல்லாம் அதைப் படித்து நெஞ்சில் பதித்து வைத்திருந்தது ஆழ்வான்தான் என்று மரபு சொல்கிறது. சைவமே உயர்ந்தது என்று ஏற்க மறுத்துச் சோழ அவையில் கண்ணிழந்த பிறகு திருமாலிருஞ்சோலையில் தங்கி சுந்தரபாகு ஸ்தவம் பாடினார். பின்னர் காஞ்சிக்கு வந்து வரதராச ஸ்தவம் பாடி, தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டினார். அழகர் மலையின் பசுமை, காவிரிக்கரை, பாலாற்று மணல் என்று கண்ணில்லாமல் கடந்த அந்த நெடுவழியை நினைத்தால் மனம் கனக்கும்.

அந்நாளைய பெருவழிகளில் தொலைவைக் கல்லிலும் பொறித்தார்கள். தர்மபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்கிறது. அதோடு எழுத்தறியாதவர் எண்ணிக்கொள்ள இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டிருக்கின்றன.

சோறில்லாத வழி எப்படி முடியும் என்பதைக் கூரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர் 1780இல் கண்டது. குண்டூரிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை, காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். மன்றோவுக்கோ சில நாளுக்கே தானியம் இருந்தது. கோயிலில் சேர்த்து வைத்திருந்த சரக்கை விட்டு நகர அவருக்குத் துணிவில்லை. செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தார்கள்; வெடிமருந்து வண்டிகள் எரிந்தன; பெய்லி சிறைப்பட்டார். மறுநாள் மன்றோ கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அந்தப் போரை ஓவியமாகத் தீட்டச் செய்தார்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஏறக்குறைய பழைய மேற்குச் சாலையின் திசையிலேயே. நாட்கணக்கில் நடந்த தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்க முடிந்தது. நடப்பவருக்காக இருந்த சத்திரங்களுக்கு ஆள் குறைந்தது. காஞ்சிக்கு அருகே பாலுசெட்டி சத்திரம் என்ற ஊர்ப்பெயரில் ஒருவரின் கொடை இன்னும் நிற்கிறது. வண்டியோட்டிகள் அதை வெறும் நிறுத்தப் பெயராகவே உச்சரிக்கிறார்கள்.

காஞ்சிக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள் அரைநாள் மிச்சம் வைத்தால் கூரத்தையும் புள்ளலூரையும் ஒரே சுற்றில் பார்க்கலாம். தை மாத அஸ்தத்தில் போனால் கூரத்தாழ்வான் உற்சவம் நடந்துகொண்டிருக்கும்.