புனே கிராமங்களில் ஒரு தலைமுறைக் கணக்கு

இரண்டாம் வகை நீரிழிவு என்றால் பருத்த உடலுக்கும் நடுவயதுக்கும் உரிய நோய் என்றே மேலைநாட்டு மருத்துவம் சொல்லிவந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கைத் தேடி வந்த நோயாளிகளில் பலரோ ஒல்லியானவர்கள், வயதிலும் இளையவர்கள். கைகால் மெலிந்திருக்க, வயிற்றில் மட்டும் கொழுப்பு தங்கியிருந்தது. விடை கருவறையில் இருக்கலாம் என்று எண்ணிய அவர், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர் கரோலின் ஃபால் உள்ளிட்ட குழுவோடு 1993இல் புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பெண்கள் கருவுறும் முன்பிருந்தே அவர்களைப் பின்தொடர்வதுதான் அதன் சிறப்பு.

வறட்சிக்குப் பேர்போன வட்டாரம் அது. வயலிலும் வீட்டிலும் ஓயாத வேலை. கர்ப்பம் வந்தாலும் அது குறையாது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகளும் சிறியவை. ஆனால் முதுகுத் தோலுக்கடியிலான கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்திருந்தும் கொழுப்பு மிகுந்த இக்குழந்தையின் உடலமைப்பு 2003இல் உலகின் கவனத்துக்கு வந்தது.

தாய்மார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை புனேயிலுள்ள அகார்கர் ஆய்வு நிறுவனத்தின் ஷோபா ராவ் ஆராய்ந்தார். 797 கர்ப்பிணிகளைப் பற்றிய அந்த ஆய்வு 2001இல் வெளியானது. உண்ட கலோரிக்கும் புரதத்துக்கும் குழந்தையின் அளவோடு தொடர்பு தெரியவில்லை. கீரையும் பழமும் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகளே உருவில் பெரியவையாகப் பிறந்தன; பாலுக்கும் அதில் பங்கு இருந்தது. வயிறு நிறைவதையே பெரிதாக நினைத்த நாட்டில் இது பெரிய கண்டுபிடிப்பு. கீரையில் ஃபோலேட் என்னும் வைட்டமின் உண்டு, தாவரங்கள் தமக்கென உருவாக்கிக்கொள்ளும் ஃபிளவனாய்டுகளும் உண்டு. எதனால் எவ்வளவு பலன் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

பிரித்துப் பார்க்கும் வேலை அமெரிக்காவில் எலிகளிடம் நடந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ராண்டி ஜிர்ட்டில் குழு வளர்த்த அகூட்டி வகை எலிகளுக்கு மஞ்சள் ரோமம், கூடவே உடல் பருமன். 2003இல் கருவுற்ற எலிகளுக்கு வைட்டமின் பி12, ஃபோலேட்டின் செயற்கை வடிவமான ஃபோலிக் அமிலம் போன்றவற்றைக் கொடுத்தபோது, மஞ்சள் நிறத்துக்குக் காரணமான அகூட்டி மரபணுவின் அருகே மீத்தைல் குழுக்கள் என்னும் வேதிக் குறிகள் கூடுதலாக ஒட்டி அதை அடக்கின. பழுப்பு நிறக் குட்டிகள் அதிகமாகப் பிறந்தன. 2006இல் அதே குழுவைச் சேர்ந்த டானா டொலினாய் சோயாவிலுள்ள ஜெனிஸ்டீனைக் கொடுத்தார். அதே மாற்றம் நிகழ்ந்தது, குட்டிகள் பருமனாவதும் குறைந்தது. ஜெனிஸ்டீன் ஃபிளவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. மகாராஷ்டிரம் சோயாவை ஏராளமாக விளைவிக்கிறது; அகார்கர் நிறுவனமே புதிய சோயா ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சோயா மாத்திரை விற்பது அபத்தம். ஒரு சத்தை மட்டும் பெருக்குவதற்கு எதிரான எச்சரிக்கைதான் புனேயின் அடுத்த முடிவு. 1993 ஆய்வில் சேர்ந்த தாய்மாரின் குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பரிசோதித்து, முடிவுகளை 2008இல் வெளியிட்டார்கள். தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. ஃபோலேட் குறைவு ஒரே ஒரு தாய்க்குத்தான். ஃபோலேட் மிகுந்து பி12 குறைந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத தன்மை மிக அதிகமாக இருந்தது. கீரையில் பி12 கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் அது கிடைக்கும். மரக்கறி உண்போர் நிறைந்த, ஏழ்மையில் பாலும் அளந்தே கிடைக்கும் கிராமங்களில் இந்தக் குறை எங்கிருந்து வந்தது என்பதற்கு நெடிய விளக்கம் தேவையில்லை.

2012இல் அந்தக் குழந்தைகள் பதின்பருவத்தை எட்டியிருந்தார்கள். ப்ரியா என்ற சோதனையில், திருமணத்துக்கு முன்பே அவர்களுக்கு நாள்தோறும் 2 மைக்ரோகிராம் பி12 கொடுத்துப் பார்த்தார்கள்; ஆண்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். பின்னர் அவர்களுக்குப் பிறந்த சிசுக்களின் தொப்புள்கொடி இரத்தத்தில் எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்று புனே ஆய்வாளர்கள் தேடினார்கள்.