ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்: 28 மில்லிமீட்டரில் ஒரு ஆஸ்பத்திரி

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

வார்கேமிங்னு ஒரு பொழுதுபோக்கு இருக்கு. குட்டி சிப்பாய் பொம்மைகளுக்கு பெயின்ட் அடிச்சு, மேஜை மேல பழைய போர்களை விதிமுறையோட விளையாடுறது. 28 மி.மீ. பொம்மைகள்தான் ரொம்ப வழக்கம். ஆபரேஷன் தியேட்டர்ல கையை ஆடாம வெச்சுப் பழகினவங்களுக்கு இது நல்லாவே வரும்.

இந்த உலகத்தில் திரும்பத் திரும்ப பெயின்ட் அடிக்கப்படும் போர்களில் ஒன்று ரோர்க்ஸ் ட்ரிஃப்ட். 1879 ஜனவரி 22-23. பிரிட்டிஷ் நேட்டாலுக்கும் சுலு நாட்டுக்கும் எல்லையாக ஓடும் பஃபலோ ஆற்றங்கரை. (1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம்ம ஆட்களைக் கூலிகளாகக் கொண்டுபோனாங்களே, அதே நேட்டால்தான்.)

எனக்கு இதில் ஆர்வம் வரக் காரணம் எளிது. சண்டை நடந்த இடம் ஒரு ஆஸ்பத்திரி.

ஓட்டோ விட் என்ற ஸ்வீடன் மிஷனரியின் வீடு அது. புல் வேய்ந்த கூரை. படை அதை எடுத்துக்கொண்டு 35 பேர் அளவில் நோயாளிகளைப் படுக்க வைத்திருந்தது. டாக்டர் ஒரே ஒருத்தர்: சர்ஜன் ஜேம்ஸ் ஹென்றி ரெனால்ட்ஸ். டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல படிச்ச 34 வயசு ஐரிஷ்காரர்.

அன்று பகலில் இசாண்டல்வானாவில் சுலு சேனை பிரிட்டிஷ் முகாமையே துடைத்துவிட்டது. அந்தப் பக்கம் இறந்தவர்கள் 1,300-க்கும் மேல், அதில் ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் உண்டு. செய்தி இங்கே வந்ததும் முதல் கேள்வி: ஓடலாமா?

கிடங்குப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் டால்டன் வேண்டாம் என்றார். நோயாளிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் போனால் வெட்டவெளியில் பிடிபடுவோம். ஆக, சார்ட், ப்ரோம்ஹெட் என்ற இரண்டு லெப்டினன்ட்டுகளும் அங்கேயே நின்று போராட முடிவெடுத்தார்கள். கையில் சுமார் 150 பேர். எதிரே 3,000-லிருந்து 4,000 பேர். சுவர் எதை வெச்சுக் கட்டினாங்க தெரியுமா? சோள மூட்டையும் பிஸ்கட் பெட்டியும்!

இப்ப பெயின்ட்டுக்கு வருவோம். 24-வது ரெஜிமென்ட், இரண்டாம் பட்டாலியன். சிவப்புக் கோட்டு, கழுத்துப்பட்டியில் பச்சை. பளிச்னு சிவப்பு அடிச்சுடாதீங்க. இவங்க அதுக்கு முந்தின வருஷம்தான் கேப் எல்லைப்போரில் அலைஞ்சு வந்தவங்க. கோட்டெல்லாம் வெயிலில் வெளுத்து ஒட்டுப்போட்டது. அடியில் செங்காவி, மேலே மங்கலான சிவப்பு போதும். வெள்ளை ஹெல்மெட்டை டீத்தண்ணியில் நனைச்சுப் பழுப்பாக்கிக்குவாங்க. நானும் டீ கலரே அடிக்கிறேன்.

சுலு வீரர்கள் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். வர்ற பொம்மைகள் பலதும் இறகுச் சிங்காரத்தோட இருபது வயசுப் பையன்கள். அந்த அலங்காரமெல்லாம் விழாவுக்கு. போருக்குப் பெரும்பாலும் போடுவதில்லை. இங்கே வந்த உத்துல்வானா, உட்லோகோ படைப்பிரிவுகள் நாற்பதைத் தாண்டிய, கல்யாணமான ஆட்கள். தலையில் இசிகோகோ என்ற வளையம், கையில் பெரும்பாலும் வெள்ளைக் கேடயம். இசாண்டல்வானாவில் கடைசிவரை காத்திருப்புப் படையாகவே நின்றவர்கள். எல்லையைத் தாண்டாதே என்ற மன்னர் செட்ஷ்வாயோவின் உத்தரவை மீறி, அவருடைய தம்பி முறையான டபுலமான்சி கூட்டி வந்தார்.

அதனால் என் மேஜையில் சிலருக்கு நரை உண்டு. வெள்ளைக்கார முகத்துக்கு மூணு கோட் அடிச்சுட்டு, சுலு முகத்துக்கு ஒரே பிரவுனை இழுத்துவிட்டுப் போறது சோம்பேறித்தனம்.

ஆஸ்பத்திரிக்குள் நடந்ததைச் சொல்லணும். பல அறைகளுக்கு இடையே போக உள்ளே வாசல் கிடையாது. கூரை எரியுது, முன்வாசலில் ஈட்டி. ஜான் வில்லியம்ஸ் மண்சுவரை இடித்து ஓட்டை போட, ஹென்றி ஹூக் பின்னால் நின்று தடுத்தார். ஒவ்வொரு நோயாளியாக ஓட்டை வழியே இழுத்தார்கள். மேக்ஸ்ஃபீல்ட் என்ற சார்ஜன்ட்டுக்கு ஜுரத்தில் பிதற்றல். உடுப்பு மாட்டிவிட்டும் நகர மாட்டேன்னுட்டார். ராபர்ட் ஜோன்ஸ் திரும்பி வந்து பார்த்தபோது கட்டிலிலேயே குத்திக்கொண்டிருந்தார்கள். டெலீரியத்தில் இருக்கிற நோயாளியை நகர்த்தப் பார்த்த யாருக்கும் இது புரியும். நான் பார்த்த எந்த செட்டிலும் மேக்ஸ்ஃபீல்ட் இல்லை.

ரெனால்ட்ஸ் ஒரு பக்கம் கட்டுப் போட்டார், இன்னொரு பக்கம் குறுக்கே பாயும் குண்டுகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குத் தோட்டா சுமந்தார். அங்கே தரப்பட்ட 11 விக்டோரியா கிராஸில் ஒன்று அவருக்கு. ஹூக்குக்கும் ஒன்று. 1964-ல் வந்த 'சுலு' படம் பாவம் அந்த ஹூக்கைக் குடிகாரச் சோம்பேறியாகக் காட்டியது.

பிரிட்டிஷ் தரப்பில் இறந்தது 17 பேர். சுற்றிக் கிடந்த சுலு உடல்கள் சுமார் 350. விளையாட்டின் விதிப்புத்தகம் இங்கே முடிஞ்சிடும். விடிந்த பிறகு, நகர முடியாமல் கிடந்த சுலு காயக்காரர்களைக் குத்தியும் அடித்தும் கொன்றார்கள். இசாண்டல்வானாவில் தம் ஆட்களின் வயிறு கிழிக்கப்பட்டதைப் பார்த்த கோபம்னு பலர் விளக்கம் சொல்வாங்க. வயிற்றைக் கிழிப்பது செத்தவரின் ஆவியை விடுவிக்கும் சுலு சடங்கு. அது அவங்களுக்குத் தெரியாது. விளக்கம் சரி, கொலை கொலைதான்.

அப்புறம் மழை, கூடாரம் இல்லை, நாறும் சேற்றில் நூற்றுக்கணக்கான பேர் நெருக்கியடித்துப் படுக்கை. காய்ச்சல் பரவியது. சார்ட்டும் படுத்தார். ரெனால்ட்ஸுக்கு உண்மையான வேலை அப்பதான் ஆரம்பிச்சது.

ஆஸ்பத்திரி மாடல் பாதி முடிஞ்சிருக்கு. எரியும் கூரைக்குப் பஞ்சும் ஆரஞ்சு இங்க்கும் போட்டேன். உள்சுவர்களைத் தனியா கழட்டுற மாதிரி செஞ்சு, ஓட்டைகளைச் சரியான இடத்தில் வெட்டிட்டிருக்கேன். கட்டில் ஒண்ணு பாக்கி, மேக்ஸ்ஃபீல்டுக்கு. முடிஞ்சதும் படம் போடறேன்.