சிவப்பு எழுத்தெல்லாம் பிழை அல்ல



நம் அரசுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு 2019 முதல் பைத்தான் மொழி இருக்கிறது. அறந்தாங்கிப் பிள்ளைகளும் அதைத்தான் படிக்கிறார்கள். ஐடில் திரையில் ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் உடனே விடை வரும். சில நேரம் விடையோடு சிவப்பில் ஓர் எச்சரிக்கையும் வரும். "விடைதான் வந்துவிட்டதே, இது எதற்கு?" என்று பிள்ளைகளுக்கு எரிச்சல். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பிழை என்றால் நிரல் நின்றுவிடும். எச்சரிக்கை என்றால் நிரல் ஓடும், ஆனால் எழுதியதில் சந்தேகம் இருக்கிறது என்று பொருள். 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர், சி மொழி நிரல்களில் இப்படிப்பட்ட சந்தேகங்களைத் தேடிச் சொல்ல ஒரு தனி நிரல் எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளின் பெயரான 'லின்ட்' என்பதையே அதற்கு வைத்தார். வேண்டியவர் மட்டும் அதை ஓட்டிப் பார்த்தார்கள். பிற்பாடு மொழிமாற்றிகளே கேட்காமல் எச்சரிக்கத் தொடங்கின.

பைத்தானில் "இந்த வசதி இனி நீக்கப்படும்" என்றொரு வகை எச்சரிக்கை உண்டு. நிரலை எழுதாமல் வெறுமனே பயன்படுத்துவோர் திரையிலும் அது வந்து தொல்லை தந்தது. அவர்களால் திருத்தவும் முடியாது. அதனால் 2010இல் வந்த 2.7 பதிப்பில் அதை மறைத்துவிட்டார்கள். இதனால் எழுதியவர்கள் கண்ணிலும் அது படாமல் போனது. புதிய பதிப்பு வந்தபோது ஓடிக்கொண்டிருந்த நிரல் திடீரென நின்றது. ஆகவே 2018இல் 3.7 பதிப்பில் நடுவழி கண்டார்கள்: நாம் நேரடியாக ஓட்டும் நிரலிலும், வரிவரியாகத் தட்டும் திரையிலும் மட்டும் அது தெரியும். திருத்தக்கூடியவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்!

ஓர் எடுத்துக்காட்டு. கோப்பின் முகவரியை மேற்கோளுக்குள் எழுதும்போது இடச்சாய்கோட்டுக்குப் பின் ஆங்கில 'டி' எழுத்து வந்தால், 2023இல் வந்த 3.12 பதிப்பு வெளிப்படையாக எச்சரிக்கும். சிறிய 'என்' எழுத்து வந்தாலோ எச்சரிக்கையே வராது. அதைப் புதுவரிக் குறியாக எடுத்துக்கொண்டு முகவரியையே இரண்டாக உடைத்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சாய்கோட்டை இரட்டையாகப் போடுவது. முதல் எச்சரிக்கையைப் படித்த பிள்ளை இரண்டாவது பள்ளத்தில் விழாது.

எச்சரிக்கைகளை மொத்தமாக அடைத்துவைக்கவும் வழி உண்டு. பிள்ளைகளே, முதலில் வாசியுங்கள், திருத்துங்கள். அதன் பிறகும் தேவையில்லை என்று தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள்.

கணினித் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.