துப்பாக்கிக் கட்டைக்கு எந்த எண்ணெய்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது அவரே ஒரு பள்ளியில் என்.சி.சி. அதிகாரி. கோத்தில் இருக்கும் த்ரீ நாட் த்ரீ டிரில் ரைபிள்களின் மரக்கட்டை வறண்டு வெளிறிக் கிடக்கிறதாம். "சார், ரிபப்ளிக் டே பரேடுக்கு முன்னால ஒரு கோட் வார்னிஷ் அடிச்சிடலாமா? மெலமைன் போட்டா கண்ணாடி மாதிரி இருக்கும்னு பெயின்டர் சொல்றார்" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதியதை உங்கள் எல்லோருக்கும் போடுகிறேன். கொஞ்சம் நீளம். வேதியியல் வாத்தியாருக்கு எண்ணெயைப் பற்றிப் பேசக் கிடைத்தால் விடுவாரா?

என்னிடம் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்த ரைபிள் மறந்திருக்காது. நாலு கிலோ கனம். பட்டின் அடியில் பித்தளைத் தகடு, அதில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளே புல்-த்ரூ கயிறும் எண்ணெய்க் குப்பியும் வைக்க இடம். 1907-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு மார்க் 3 அது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் அரசுத் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயர். கல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரிலும், ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும் அதே ரைபிளைச் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களில் நம் சிப்பாய்களின் தோளில் தொங்கியதும் அதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு முறையாக விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு விசேஷம், மரம் குழாயின் நுனிவரை போகும். கைப்பிடிக்காக மட்டும் வைத்த மரம் இல்லை அது. குழாய் அந்த மரத்தில்தான் படுத்திருக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் குடித்தால் முறுக்கிக்கொள்ளும். முன்கட்டை மயிரிழை வளைந்து குழாயை ஒரு பக்கமாக அழுத்தினால் போதும், குண்டு வேறு இடத்துக்குப் போகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் முழங்கால் சேற்றில் நின்றவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மரக்கட்டைக்கு என்ன பூசுவது என்பதை ராணுவங்கள் அழகு பார்த்து முடிவு செய்யவில்லை.

வார்னிஷ் பூசினால் தண்ணீர் உள்ளே போகாதே என்று தோன்றும். உண்மைதான். புது வார்னிஷ் எண்ணெயைவிட நன்றாகவே தண்ணீரைத் தடுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசிய மரத்தில் காற்றின் ஈரம் மெதுவாகப் போய் வந்துகொண்டுதான் இருக்கும். அப்படியும் ஏன் எண்ணெய்? சிப்பாயின் ரைபிள் கல்லில் இடிக்கும், முள்கம்பியில் கீறும். வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகத் தண்ணீர் புகுந்து படலத்துக்கு அடியில் பரவும்; அது தோல் உரிவதுபோல் உரியும். அதைச் சரிசெய்ய மொத்தமாகச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். குண்டு விழும் இடத்தில் அதை யார் செய்வது? எண்ணெய் பூசிய கட்டையில் கீறல் விழுந்தால் ஒரு துணியில் நாலு சொட்டு எண்ணெய், அப்புறம் உள்ளங்கை. அவ்வளவுதான். பளபளப்பு இல்லாததால் வெயிலில் மின்னி எதிரிக்கு ஆளைக் காட்டிக் கொடுக்காது என்பது கூடுதல் லாபம். ரஷ்யர்கள் தங்கள் மோசின்-நகான் ரைபிளின் பர்ச் மரக் கட்டைக்கு அரக்கு மெருகு கொடுத்தார்கள். இன்று பழைய ரைபிள் சேகரிப்பவர்கள் கையில் அது பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பார்க்கலாம்.

சரி, எண்ணெய் என்று முடிவாயிற்று. எந்த எண்ணெய்?

பத்தாம் வகுப்பில் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன். தேங்காயெண்ணெய் சிந்திய இடம் ஒரு மாதமானாலும் ஏன் பிசுபிசுக்கிறது? அதன் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி நிறைவுற்றவை. ஆக்சிஜன் பிடித்துக்கொள்ள இரட்டைப் பிணைப்பு இல்லை. அயோடின் எண் என்று ஒரு கணக்கு உண்டே, அது தேங்காயெண்ணெய்க்குப் பத்தை ஒட்டி இருக்கும். நல்லெண்ணெய்க்கு நூற்றுக்குச் சற்று மேல். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். அதனால் அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, ரப்பர் போன்ற திடப் படலமாக மாறிவிடும். எண்ணெய் 'காய்கிறது' என்கிறோம். தண்ணீர் காய்வது போல ஆவியாகிப் போவதில்லை. உண்மையில் காயும்போது எடை கூடும். ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்கள் நூற்றாண்டுகள் தாண்டி நிற்பதும் இதனால்தான். 1860-களில் பிரெடரிக் வால்டன் தரைவிரிப்புக்குக் கண்டுபிடித்த லினோலியம் என்ற பெயரிலேயே இந்த எண்ணெய் இருக்கிறது.

ஆளி என்பது லினன் துணி தரும் அதே செடி. இன்று சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ளாக்ஸ் சீட் என்று உடம்புக்கு நல்லதென வாங்குகிறோமே, அதே விதை. (பெயின்ட் கடை எண்ணெயை யாரும் குடித்து வைக்காதீர்கள்.) நம் பக்கம் விளைச்சல் அதிகம் இல்லை. மத்திய இந்தியாவின் குளிர்காலப் பயிர். இந்திக்காரர்கள் அல்சி என்பார்கள். 19-ம் நூற்றாண்டில் பம்பாய், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து மூட்டை மூட்டையாக பிரிட்டனுக்குப் போய், அங்கே எண்ணெயாகி, பெயின்டாகியது. பிறகு அர்ஜென்டினா அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. மரமும் அப்படித்தான். துப்பாக்கிக் கட்டைக்கு உலகம் முழுக்க முதல் தேர்வு வால்நட். கனம் அளவானது, அதிர்வைத் தாங்கும், எளிதில் முறுக்காது. நம் நாட்டில் அதற்கு இமயமலைப் பக்கத்து அக்ரூட் மரம் இருந்தது. லித்கோவில் வால்நட் தட்டுப்பட்டு கோச்வுட், குயின்ஸ்லாந்து மேப்பிள் என்று உள்ளூர் மரங்களுக்குப் போனார்கள். பூசிய எண்ணெய் மட்டும் எங்கும் ஆளி.

அதற்கு ஒரு போட்டியாளன் உண்டு. சீனாவின் டங் எண்ணெய். டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. ஆளி எண்ணெயைவிடச் சீக்கிரம் காயும், தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும், அவ்வளவாகக் கறுக்காது. சீனர்கள் நூற்றாண்டுகளாகத் தங்கள் மரக்கப்பல்களுக்குப் பூசி வந்தது. சுண்ணாம்பும் சணலும் மர எண்ணெயும் சேர்த்து இடித்து அவர்கள் கப்பல் இடுக்கை அடைத்ததை மார்க்கோ போலோவே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் எம்-1 காரண்ட் ரைபிள் 1936-ல் வந்தது. அதன் கட்டைகளுக்கு ஆளி எண்ணெயும் டங் எண்ணெயும் இரண்டுமே பயன்பட்டன. எது உசத்தி என்று அங்கே சேகரிப்பாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இந்த டங் எண்ணெய்க்குப் பின்னால் நம் பாடப்புத்தகத்தில் வராத ஒரு சங்கதி இருக்கிறது. 1937-ல் ஜப்பான் சீனாமீது பாய்ந்தது. சீனாவிடம் பணம் இல்லை. அமெரிக்காவோ போரில் பக்கம் சாய்வதாக வெளிப்படையாகக் காட்டிக்கொள்ளத் தயாரில்லை. ஷாங்காய் வங்கியாளர் சென் குவாங்ஃபு பேச்சுவார்த்தைக்குப் போனார். 1938 டிசம்பரில் அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி இரண்டரைக் கோடி டாலர் கடன் கொடுத்தது. அடமானம் என்ன தெரியுமா? டங் எண்ணெய். அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கக் கூடாது. லாரி போன்ற சாமான்கள் வாங்கலாம். கடனைப் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் அனுப்பிக் கழிக்க வேண்டும். வரலாற்றில் அதற்கு 'டங் எண்ணெய்க் கடன்' என்றே பெயர். கடற்கரைத் துறைமுகங்கள் ஜப்பான் கையில். அதனால் எண்ணெய் மலைப்பாதையில் லாரி ஏறி, பர்மா ரோடு வழியாக லாஷியோ வந்து, அங்கிருந்து ரயிலில் ரங்கூன் போய்க் கப்பல் ஏறியது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, அடுத்த மாதம் லாஷியோவும். அந்த வழி அடைபட்டது. அதே மாதங்களில்தான் பர்மாவில் இருந்த நம் ஆட்கள் காடு மலை தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள், பலர் வந்து சேரவில்லை. நம் உறவுகளில் சிலருக்கு அந்த நடை வீட்டுக் கதை. எண்ணெய்ப் பீப்பாயும் அகதியும் ஒரே கதவு மூடியதில் மாட்டிக்கொண்டார்கள் என்று நான் வகுப்பில் சொன்னதில்லை, இப்போது சொல்லி வைக்கிறேன்.

அமெரிக்கர்கள் தங்கள் தென்கரை மாநிலங்களில் டங் தோட்டம் போட்டிருந்தார்கள். விளைச்சல் தேவையில் சிறு பங்குதான். 1969-ல் கமீல் புயல் மிசிசிப்பியில் மிச்சமிருந்த தோட்டங்களையும் சாய்த்துவிட்டது. அதற்குள் மரக்கட்டையின் காலமே முடிந்துகொண்டிருந்தது. வியட்நாம் ஈரத்தில் எம்-14 ரைபிளின் மரம் உப்பிக் குறி தவற, கண்ணாடியிழைக் கட்டை வந்தது. எம்-16-ல் மரமே இல்லை.

லண்டன் பர்டி போன்ற வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனிகள் வேறு உலகம். நம் மகாராஜாக்கள் வாடிக்கையாளர்கள். அங்கே ஆளி எண்ணெயில் அல்கனெட் என்ற வேரை ஊறவைத்துச் சிவப்பாக்கி, வாரக்கணக்கில் கையாலேயே தேய்த்து மரத்தின் ரேகையை எழுப்புவார்கள். நம் வீடுகளில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் வேம்பாளம்பட்டை போடுவது ஞாபகம் வருகிறதா? நிறம் இறங்கும் விதம் அதேதான். பரேடு ரைபிளுக்கு இந்த ஆடம்பரம் தேவையில்லை.

இனி என் மாணவருக்கான பகுதி. தம்பி, ரைபிள் உன்னுடையதும் இல்லை, பள்ளியுடையதும் இல்லை. முதலில் பட்டாலியனில் எழுதிக் கேள். அவர்கள் ஆர்மரர் கழற்றிக் கொடுத்தால்தான் வேலை.

உப்புத்தாள் கிட்டே வரக் கூடாது. கட்டையைக் கவனித்துப் பார், அங்கங்கே சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருக்கும். பரிசோதகர் ஒருவர் பார்த்துத் தேர்ச்சி கொடுத்த அடையாளம் அது. இரும்பில் ஒரு பக்கம் மகுடமோ, அசோகச் சிங்கமோ இருக்கலாம். இரும்பில் உள்ளது நிற்கும். மரத்தில் உள்ளது பெயின்டர் ஐந்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். அந்த ரைபிள் எங்கே பிறந்தது, எந்தக் கை வழியாக வந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. வார்னிஷ் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவே முதல் காரணம். மெலமைன் பிடிக்க வேண்டுமென்றால் அவர் தேய்த்தே ஆக வேண்டும்.

அழுக்கை டர்பன்டைன் நனைத்த துணியால் துடை. பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றினால் நீராவியில் மர இழை எழும்பி வரும். முத்திரை மேல் மட்டும் இதைச் செய்யாதே, அதுவும் எழும்பி மறைந்துவிடும். நன்றாகக் காயவிடு. டங் எண்ணெய் சுத்தமாகக் கிடைப்பது நம் ஊரில் சிரமம். லின்சீடு ஆயில் எல்லாப் பெயின்ட் கடையிலும் இருக்கும், கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவோமே அதே எண்ணெய். பச்சை, காய்ச்சியது என்று இரண்டு வகை. ராணுவங்கள் பச்சையைத்தான் சொன்னார்கள். எம்-1 கையேட்டிலும் அதுதான். ஆனால் அது காய நாள் கணக்காகும். காய்ச்சியது என்பதில் பெரும்பாலும் காய்ச்சலே கிடையாது, சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்தது. அந்தக் காலத்தில் ஈயம் போட்டார்கள், அதனால் டப்பாவைப் படித்து வாங்கு. பச்சையில் பாதி டர்பன்டைன் கலந்து முதல் இரண்டு முறை, மேலே காய்ச்சியது என்று வைத்துக்கொள். ரைபிள் குப்பியில் ஊற்றும் இயந்திர எண்ணெயை மரத்தில் தடவவே கூடாது. அது காயாது, மரத்தைக் கறுத்து மிருதுவாக்கிவிடும்.

நாலைந்து சொட்டு போதும். உள்ளங்கை சூடேறும்வரை தேய். பட் முனையில் இழை வெட்டுப்பட்ட இடம் அதிகம் குடிக்கும், அங்கே இரண்டு தடவை கூடுதலாகக் கொடு. இருபது நிமிடம் கழித்து மேலே நிற்பதை எல்லாம் துடைத்து எடு. துடைக்காமல் விட்டால் பிசின்போல் ஒட்டும். அடுத்த கோட் மறுநாளுக்கு முன்னால் கூடாது. பழைய ஆட்கள் கணக்கு ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரம் ஒருமுறை, ஒரு வருடம் மாதம் ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரம்பிக்காதே, காயாமல் பூஞ்சை பிடிக்கும். தை பிறந்ததும் தொடங்கு. ரிபப்ளிக் டேக்குள் முடியாது, பரவாயில்லை, சுதந்திர தினத்துக்கு நன்றாக இருக்கும்.

கடைசியாகத் துணி. இது கேடட்கள் காதில் விழ வேண்டும். ஆளி எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் வரும். பரப்பிய மரத்தில் அது தெரியாது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டிடம் எரிந்தது இப்படித்தான். மரவேலை செய்தவர்கள் 22-வது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ 30-வது மாடியில்தான் நின்றது, அங்கே தண்ணீர்த் தெளிப்பான் இருந்ததால்.

அதனால் துணியை கோத்துக்குள் வைக்காதே. வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டுக் காயவிடு, அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வை. சாயந்திரம் பூட்டும் முன் எத்தனை துணி எடுத்தோம், எத்தனை வெளியே வந்தது என்று எண்ணு. ரைபிளை எண்ணுகிற மாதிரியே.