நான்கு வரிகளுக்குள் அடக்கப்பட்ட ஒரு வாரம்

1988ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது வாரம். கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் வெளிநாட்டுச் செய்திகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வடக்கு, கிழக்கில் இந்திய அமைதி காக்கும் படை நிலைகொண்டிருந்தது, தெற்கில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி. உள்நாட்டு அவலங்களே பக்கங்களை நிரப்பிவிட, உலகச் செய்திகளுக்கு எஞ்சியது அரைப்பக்கம்தான். அந்நிலையில் வாஷிங்டனிலிருந்து டெலிபிரிண்டரில் நீண்டதொரு செய்தி வந்து விழுந்தது. செவிப்புலனற்ற மாணவர்கள் தமது பல்கலைக்கழகத்தின் வாயில்களை மறித்துப் போராடுகிறார்கள் என்பது அதன் சாரம். அதனை நான்கு வரிகளாகச் சுருக்கி, 'ஊமை மாணவர் போராட்டம்' என்று தலைப்பிட்டு அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தலைப்புக்கு எழுத்துக் கோத்தவர் முதியவர் ஒருவர். றத்மலானைப் பாடசாலை விடுதியில் வளர்ந்தவர்; காது கேளாதவர். அச்சுப்படியை என் மேசைக்கு அவரே கொண்டுவந்தார். 'ஊமை' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இச்சொல் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். நேரம் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று கையை அசைத்தேன். அவர் சற்று நேரம் நின்றார். பின்னர் திரும்பிப் போனார். மறுநாட் காலை பத்திரிகை அந்தச் சொல்லுடனேயே வெளிவந்தது.

நான்கு வரிகளில் நான் அடக்கிவிட்ட அந்தச் செய்தியின் முழு வரலாற்றையும் படித்தறிய எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கடனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. 1760ஆம் ஆண்டளவில் டி லெப்பே என்னும் கத்தோலிக்கக் குருவானவர், காது கேளாத இரு சகோதரிகளுக்குப் போதிக்கத் தொடங்கினார். அவர்கள் கையால் பேசுவதைத் தடுக்காமல், அதனையே கல்வியின் வாயிலாக்கினார் என்பதே அவருடைய சிறப்பு. அவருடைய பாடசாலை, அவர் மறைந்த பின்னர், 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசின் பொறுப்பில் தேசிய நிறுவனமாயிற்று. அங்கு மாணவராகச் சேர்ந்து ஆசிரியராக உயர்ந்தவர் லோரன் கிளேர். அமெரிக்காவிலிருந்து வந்த தோமஸ் கலோடெட் என்னும் இளம் மதபோதகர் 1816இல் அவரைத் தம்முடன் அழைத்துச் சென்றார். கப்பற் பயணம் 52 நாட்கள். கிளேர் ஆங்கிலம் கற்றார். கலோடெட் சைகைமொழி கற்றார். 1817 ஏப்ரல் 15ஆம் திகதி கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்ஃபர்ட் நகரில் இருவரும் சேர்ந்து பாடசாலையொன்றைத் திறந்தனர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். செவிப்புலனற்ற பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். நாமெல்லாம் தாயின் மடியில் மொழியைப் பெற்றோம். அப்பிள்ளைகளுக்கோ அந்த மடி கிட்டுவதில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று அறியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளை, விடுதிப் பாடசாலையின் முற்றத்தில் கால்வைத்த அன்றுதான் முதன்முதலாக உரையாடுகிறது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மொழியைக் கையளிக்கிறது; சைகையில் ஒரு பெயரையும் சூட்டுகிறது. ஹாட்ஃபர்டிலும் அதுவே நிகழ்ந்தது. கிளேர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகளும், பிள்ளைகள் தத்தம் ஊர்களிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகைமொழி உருவாயிற்று.

1880 செப்டெம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. வாய்ப்பேச்சுப் பயிற்சியே மேலானது, சைகை விலக்கப்பட வேண்டும் என்று அது தீர்மானித்தது. ஆதரவாக 160 வாக்குகள், எதிராக நான்கு. பிரதிநிதிகளுள் காது கேளாதவர் ஒருவரே இருந்தார் என்பதைச் சொன்னால், எவருடைய வாழ்வை எவர் தீர்மானித்தனர் என்பது விளங்கும். அடுத்து வந்த தசாப்தங்களில் பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகைமொழி வெளியேற்றப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலை இழந்தனர். சைகை செய்த பிள்ளைகளின் கைகளில் பிரம்படி விழுந்தது. சில இடங்களில் கைகள் கட்டப்பட்டன.

ஆனால் மொழி சாகவில்லை. ஆசிரியரின் கண் படாத இடங்களில், விளையாட்டுத் திடலிலும் இரவில் விடுதிக் கட்டில்களுக்கிடையிலும் அது வாழ்ந்தது. வகுப்பறை தடைசெய்ததை விடுதி காப்பாற்றியது. மிலான் மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்னர்தான் அமெரிக்காவின் செவிப்புலனற்றோர் சின்சினாட்டி நகரில் கூடித் தமது தேசியச் சங்கத்தை அமைத்திருந்தனர். அச்சங்கத்தின் தலைவராயிருந்த ஜோர்ஜ் வெடிட்ஸ் 1913இல் சைகைமொழியின் பாதுகாப்பை வலியுறுத்தும் உரையொன்றைச் சைகையிலேயே நிகழ்த்திப் படம்பிடிக்கச் செய்தார். சினிமா ஊமையாக இருந்த காலம் அவர்களுக்குச் சாதகமாயிற்று.

வாஷிங்டனில் 1857இல் தொடங்கிய கென்டல் பாடசாலையின் வளாகத்திலேயே, 1864இல் ஜனாதிபதி லிங்கன் கைச்சாத்திட்ட சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் கல்லூரியும் எழுந்தது. இதுவே பின்னாளில் கலோடெட் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. பெருமைக்குரிய இவ்வளாகத்துக்கு ஒரு கறையும் உண்டு. கறுப்பினத்தைச் சேர்ந்த செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கென்டலின் கதவு நெடுங்காலம் மூடியிருந்தது; அவர்கள் தலைநகரை விட்டு வெளி மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். லூயிஸ் மில்லர் என்னும் தாய் தம் மகனுக்காக வழக்குத் தொடுத்து 1952இல் வென்றார். வென்றபோதும், அப்பிள்ளைகளுக்கென அதே வளாகத்தில் வேறு கட்டடமே கட்டப்பட்டது. 1954இல் உச்ச நீதிமன்றம் பாடசாலைகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய பின்னரே அது மூடப்பட்டது. அங்கு பயின்ற 24 பேருக்கு 2023 ஜூலையில் பல்கலைக்கழகம் மன்னிப்புடன் சான்றிதழ் வழங்கிற்று. பெரும்பாலானோர் அதைக் கையில் வாங்க உயிரோடிருக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரின் இல்லத்திலும் ஒடுக்குமுறைக்கு ஓர் அறை இருந்ததை மறைப்பது வரலாறாகாது.

இனி, நான் வெட்டி எறிந்த வாரத்துக்கு வருவோம். நிறுவப்பட்டு 124 ஆண்டுகளாகியும் கலோடெட்டுக்குச் செவிப்புலனற்ற தலைவர் ஒருவரும் இருந்ததில்லை. 1988 மார்ச் 6ஆம் திகதி, இறுதிச் சுற்றிலிருந்த மூவருள் காது கேட்கும் ஒரேயொருவரான எலிசபெத் சின்சர் தலைவராக அறிவிக்கப்பட்டார். அவருக்குச் சைகைமொழி தெரியாது. மறுநாட் காலை மாணவர்கள் வாயில்களை மறித்தனர். கிரெக் ஹிலிபொக், டிம் ராரஸ், பிரிட்ஜெட்டா போர்ன், ஜெரி கோவெல் என்ற நால்வர் முன்னின்றனர். கோரிக்கைகளும் நான்கு: செவிப்புலனற்ற தலைவர் வேண்டும், ஆளுநர் சபைத் தலைவி ஜேன் ஸ்பில்மன் விலக வேண்டும், சபையில் செவிப்புலனற்றோர் பெரும்பான்மையாக வேண்டும், பழிவாங்கல் கூடாது.

சபையின் முடிவை விளக்க ஸ்பில்மன் உள்ளக விளையாட்டரங்குக்கு வந்தபோது எவரோ தீ அபாய மணியை ஒலிக்கச் செய்தனர். இந்தச் சத்தத்தில் தம்மால் பேச முடியவில்லை என்றார் அவர். அரங்கிலிருந்த மாணவர்களுக்கோ எந்தச் சத்தமும் இல்லை. சைகையில் பேசுங்கள், எங்களுக்குக் கேட்கும் என்று அவர்கள் கைகளால் விடையளித்தனர். நூற்றாண்டு காலப் பிணக்கு முழுவதும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

மார்ச் 10ஆம் திகதி சின்சர் பதவி துறந்தார். மறுநாள் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அமெரிக்கக் காங்கிரஸ் கட்டடத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். 13ஆம் திகதி ஸ்பில்மன் விலகினார். 21ஆவது வயதில் விபத்தொன்றில் செவிப்புலனை இழந்தவரான கிங் ஜோர்டன் தலைவரானார். நான்கு கோரிக்கைகளும் நிறைவேறின. 1990இல் அமெரிக்கா மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியதற்கு இவ்வாரமும் ஓர் உந்துதல் என்பர். மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றின் தீய விளைவுகளுக்கு வருத்தம் தெரிவிக்கும் அறிக்கை, அதே மாநாட்டு வரிசையில் 2010இல் வன்கூவர் நகரில் கூடிய அமர்வில் வெளியாயிற்று. இடைவெளி 130 ஆண்டுகள்.

இன்றைய விவாதம் வேறு. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளிலேயே சேர்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கொள்கை. பிரித்து ஒதுக்கிய பழைய கொடுமைகளை எண்ணினால் அது நியாயமே. ஆயினும் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் தன்னந்தனியாக அமர்த்தப்படும் செவிப்புலனற்ற பிள்ளைக்கு, சேர்த்தலே ஒதுக்கலாகிவிடக் கூடும். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்தும் அதே உறுப்புரையில், சைகைமொழி கற்பதையும் செவிப்புலனற்றோர் சமூகத்தின் மொழியடையாளத்தை வளர்ப்பதையும் கடமையாக்குகிறது. இலங்கை 2016இல் அதனை உறுதிப்படுத்தியது. மேரி சப்மன் 1912இல் தொடக்கிவைத்த கல்விப் பணியின் வழியில் றத்மலானையும், நமது கைதடியின் நஃபீல்ட் பாடசாலையும் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் உரையாடலைத் தந்தன. அவற்றின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் எவரும், அங்கே வளர்ந்தவர்களை முதலில் கேட்கட்டும். மொழிக்காக இரத்தம் சிந்திய நம் இனத்துக்கு இது புரியாததல்ல.

அந்த எழுத்துக்கோப்பாளர் ஓய்வுபெற்ற நாளில் அச்சுக்கூடத்தில் தேநீர் விருந்து நடந்தது. நானும் போயிருந்தேன். அவருடைய கையைப் பற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அவருடைய மொழி தெரிந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த காகிதத்தில், 'அன்று அந்தச் சொல்லை நான் மாற்றியிருக்க வேண்டும்' என்று எழுதி நீட்டினேன். அவர் அதனை வாசித்துவிட்டு, மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.