ஒரு கட்டளைச்சட்டமும் இரண்டு கொள்ளைநோய்களும்

2020 மார்ச் மாதக் கடைசியில் அக்குறணை முடக்கப்பட்டது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வழியில், பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் கடைத்தெருவே நீரில் மிதக்கும் அந்த ஊரை அறியாதவர் மலைநாட்டில் இல்லை. ஊரார் ஒருவருக்குக் கொவிட் தொற்று உறுதியானதைத் தொடர்ந்து உள்ளே செல்லவும் வெளியேறவும் தடை. களுத்துறை மாவட்டத்தின் அட்டுலுகமையும் அதே நாட்களில் அவ்வாறே மூடப்பட்டது. இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள்.

செய்தி கிடைத்தபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி, இது எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுதான். பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம், ஓய்வுபெற்ற பின்னும் விடவில்லை. ஆதாரமாகக் காட்டப்பட்டது 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம். விக்டோரியா மகாராணியின் காலத்துச் சட்டம். வைரசு என்றால் இன்னதென்று உலகம் தெளிவாக அறிந்திராத ஆண்டு அது.

அச்சட்டம் பிறந்த சூழலை நினைவுபடுத்த வேண்டும். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய், அதாவது பிளேக், தலைகாட்டியது. பிரித்தானிய இந்தியா 1897இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் இலங்கையும் தனக்கொன்றைச் செய்துகொண்டது. இலங்கை அரசுக்குப் பம்பாய்க் கப்பல்கள் மாத்திரம் கவலையல்ல. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்த தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளரே பெருங்கவலை. தோட்டத்துக்கு அவர்களுடைய கைகள் வேண்டும். அவர்களோடு நோய் வந்துவிடக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளுக்கும் இடையில் எழுந்தவைதான் முகாம்கள். முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை. பின்னர், 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்தபோது, மண்டபம். அங்கே தொழிலாளரைச் சில நாட்கள் தங்கவைத்து, குளிப்பாட்டி, உடுதுணிகளைக் கிருமிநீக்கம் செய்து, வைத்தியர் பார்த்த பின்னரே கப்பலேற்றினார்கள்.

மண்டபம் முகாமை நான் முதன்முதலாகப் பார்த்தது, இங்கிருந்து ஓடிச்சென்ற அகதிகளைச் சந்திக்கப் போனபோது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையக மக்களும் அதன் வழியாகத்தான் இறங்கினார்கள். ஒரே முகாம், மூன்று தலைமுறைத் துயரம். அது தனிக் கட்டுரைக்குரியது.

இத்தனை காவலும் 1918இல் என்ன செய்தது? அவ்வாண்டு ஜூனில் பம்பாயில் புதுவகைக் காய்ச்சல் பரவியது. ஐரோப்பியர் ஸ்பானியக் காய்ச்சல் என்று பெயரிட்ட இன்புளுவென்சாதான் அது. இலங்கையில் மரணங்கள் உச்சம் தொட்டது ஒக்டோபர், நவம்பர் மாதங்களில். மீண்டும் 1919 மார்ச்சில். கொழும்புத் துறைமுகமும் தலைமன்னாரும் அது நுழைந்த வாசல்களாயிருந்திருக்க வேண்டுமென்று, மாவட்டவாரியான மரணப் பதிவுகளை ஆராய்ந்த சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் 2014இல் எழுதினார்கள். அதாவது எந்த வாசலில் காவல் போட்டிருந்தார்களோ, அதே வாசல். பிளேக்குக்கும் வாந்திபேதிக்கும் அமைத்த முகாம் அது. மறுநாள் காய்ச்சல் காணப்போகிறவனும் இன்று திடகாத்திரமாகவே நடப்பான். அவன் மூச்சில் நோய் இருக்கும். முகாமில் கிருமிநாசினி தெளித்துப் பயனென்ன? தவிரவும், கொழும்பில் இறங்கும் கனவான்களும் சிப்பாய்களும் மண்டபத்தில் குளித்துவிட்டு வரவில்லை.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது, மாத்தளைக்கு 1880இல். தேயிலை இறங்கும் பாதையிலே காய்ச்சல் ஏறியது.

இழப்பைப் பற்றிய கணக்குகள் வேறுபடுகின்றன. கிறிஸ்தோபர் லாங்ஃபோர்டும் பமீலா ஸ்டோரியும் 1992இல் வெளியிட்ட ஆய்வு மக்கள்தொகையில் சுமார் 1 விழுக்காடு என்றது. மேலே சொன்ன 2014 ஆய்வோ, குடிசன மதிப்பீட்டு வளர்ச்சி வீதங்களைக் கொண்டு கணக்கிட்டு, 3,07,000 பேர், ஏறத்தாழ 6.7 விழுக்காடு என்கிறது. நான் புள்ளிவிபர நிபுணன் அல்லன். ஆனால் குடிசன மதிப்பீட்டை யாரும் எடுத்துப் பார்க்கலாம். 1901இல் 35 லட்சத்து 66 ஆயிரமாயிருந்த தொகை 1911இல் 41 லட்சத்தைத் தாண்டியது. வளர்ச்சி 15 விழுக்காடு. அடுத்த பத்தாண்டில் அது 10 விழுக்காட்டையும் எட்டவில்லை. யுத்த காலத்தில் ஆள்வரவு கூடிக் குறைந்ததும் அரிசித் தட்டுப்பாடும் இதில் கலந்திருக்கின்றன. எனினும் அந்தப் பள்ளத்தில் காய்ச்சலின் பங்கு சிறிதன்று.

தோட்டங்களில் மரணம் குறிப்பாக மிகுந்திருந்ததை லாங்ஃபோர்ட், ஸ்டோரி ஆய்வு காட்டியது. லயத்தைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா ஒன்றில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. அடுப்புப் புகை அதற்குள்ளேயே. மலைக்குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். பெரட்டுக்கு வராதவனுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாதவனுக்குச் சம்பளம் இல்லை. வாசலில் கூலியை நாட்கணக்கில் சோதித்த அரசு, அவன் படுத்துறங்கும் அறையை எட்டிப் பார்க்கவில்லை.

அந்நாட்களின் அதிகாரிகளை முற்றாகக் குற்றஞ்சொல்வதும் முறையல்ல. இந்நோயின் வைரசு மனிதரிடத்தில் இனங்காணப்பட்டது 1933இல்தான். மருந்தில்லை, ஊசியில்லை. ஆனால் 1918க்குப் பின் இலங்கையில் நல்லதொரு மாற்றம் நிகழ்ந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் 1916இலேயே மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியிருந்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டது. ஒரு பிரதேசம், அதற்கொரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே வீடுவீடாகச் செல்லும் பரிசோதகர், மருத்துவிச்சி. நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராமல் நோயைத் தேடிச் செல்லும் ஏற்பாடு. இன்று பீ.எச்.ஐ. என்று நாம் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த மரபில் வந்தவர்.

ஆக, 2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதலாவது கொவிட் நோயாளியாக ஒரு சீனச் சுற்றுலாப் பயணி அடையாளங் காணப்பட்டபோது, நாட்டின் கையில் இரண்டு சொத்துகள் இருந்தன: 1897இன் சட்டம், 1926இன் ஊழியர். முதல் அலையை அடக்கியதில் பெரும்பங்கு இரண்டாவதற்கே என்பது என் எண்ணம். எந்த வீட்டில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தார், அவர் யாரோடு தேநீர் குடித்தார் என்பதை அறிந்திருந்தவர் தெருவை நன்கு தெரிந்த பரிசோதகரே. மார்ச் 20இல் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபின் இந்தத் தேடல்தான் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுத்தது.

சட்டம் வேறு வழியிற் சென்றது. முதலாவது முஸ்லிம் நோயாளியின் உடல் மார்ச் மாத முடிவில் நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி, அதே 1897ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ், கொவிட்டால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என விதித்தது. அடக்கஞ் செய்வதும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச்சிலேயே தெரிவித்திருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். சுவாசத்தால் பரவும் நோய்க்கு இது எத்தகைய வாதம்! உயர்நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் 2020 டிசம்பர் 1இல் விசாரணைக்கே எடுக்கப்படாது தள்ளப்பட்டன.

அக்குறணை மக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? இரண்டாண்டுகளுக்கு முன், 2018 மார்ச்சில், திகன, தெல்தெனியப் பக்கம் மூண்ட வன்முறை அக்குறணை வரை வந்திருந்தது. அந்தப் புண் ஆறுமுன்னர் நோய்பரப்பிகள் என்ற பழி. இறந்தால் ஜனாஸாவும் இல்லை என்ற அச்சம் நோயை மறைக்கத் தூண்டுமேயன்றி, பரிசோதகரிடம் கதவைத் திறக்கத் தூண்டாது. ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடித்த கதை.

கண்டியிலே இன்னொரு காட்சி. 2020இலும் 2021இலும் எசல பெரஹரா பார்வையாளரின்றி நடந்தது. அதில் செல்லும் பத்தினி தெய்வம் வேறு யாருமல்லள், நம் கண்ணகிதான். கொள்ளைநோய் காக்குமாறு சிங்களவரும் தமிழரும் வேண்டுவது அவளிடமே. மக்களை நோயிலிருந்து காக்க மக்களே இல்லாத தெருவில் அவள் உலா போனாள்.

தோட்டங்களிலோ ஊரடங்கிலும் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி வெடித்தபின், தீபாவளிக்கு ஊர் திரும்ப வேண்டாமென்று கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்களுக்கு அறிவுறுத்தினார்கள். தொற்றாளருடன் பழகியவர் தனி அறையில், தனிக் கழிவறையுடன் பதினான்கு நாட்கள் இருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. இன்னும் லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தனி அறை எங்கே? 1918இன் காம்பிராவில் பேரர்கள் படுத்திருந்தார்கள்.

எரிப்பு விதி 2021 பெப்ரவரி இறுதியில் தளர்த்தப்பட்டது. மார்ச் 5 முதல், நாட்டின் எப்பாகத்தில் இறந்தாலும், மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்கே உடலைக் கொண்டுசென்று அடக்கினார்கள். 3,600க்கு மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பிற மதத்தவரும். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அக்குறணையிலிருந்து ஒரு பிள்ளை தகப்பனின் கப்றடியில் நின்று துஆ செய்துவிட்டு வீடு திரும்ப ஒரு நாள் முழுவதும் வேண்டியிருக்கிறது.